பஸ்ஸில் கிளம்பிய கல்யாணம்

புதிதாகத் தோல்பையை மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவன் பேச வந்தால் சில்லறைத் தகராறும் படிக்கட்டுப் பயணமும்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். அவையெல்லாம் நான் சொல்லாமலே உங்களைத் தேடி வரும். நான் சொல்ல வந்தது வேறு.

பயிற்சி வகுப்பில் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்களாம். ஒரு பஸ் நிறைய ஆள் போனால் எத்தனை காரும் பைக்கும் ரோட்டில் இறங்காமல் வீட்டிலேயே நிற்கும், காற்றில் எவ்வளவு புகை குறையும் என்றெல்லாம். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "சார், இதைச் சொன்னா ஜனங்க காரை வுட்டுட்டு பஸ்ல ஏறிடுவாங்களா?"

ஏற மாட்டார்கள். சொன்னதற்காக ஏறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் காலை வண்டியில் நான் வேலை பார்த்தேன். என்னோடு ஓட்டிய ஓட்டுநர் என்னைவிட மூத்தவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். அதிகம் பேசமாட்டார். ஆனால் வண்டிக்குள் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பது பின்னால் நிற்கும் எனக்கு முன்பே கண்ணாடி வழியாக அவருக்குத் தெரிந்துவிடும்.

கலைவாணி டீச்சர் எங்கள் வண்டிக்கு வந்தது ஒரு மாணவியின் வாயால். அவர் அரியலூரில் ஒரு கல்லூரியில் புவியியல் பாடம் எடுப்பவர். செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் சின்ன வெள்ளைக் காரில் போய் வருவார். ஒரு நாள் வகுப்பில் பூமி சூடாவதைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் தன்னால் எவ்வளவு புகை என்று யோசித்து வரும்படி சொல்லியிருக்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், நாங்க எல்லாரும் பஸ்லதான் வர்றோம். நீங்க ஒருத்தங்கதான் கார்ல வர்றீங்க" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் காலை, கையில் குடையோடு எங்கள் ஸ்டாப்பில் நின்றார்.

முதல் நாள் உட்கார இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஒரு பூக்காரம்மாவின் கூடை அவர் காலில் இடித்துக்கொண்டே வந்தது. அடுத்த நாள் அவர் ஸ்டாப்பில் ஆளைக் காணோம். நான் விசில் ஊதினேன். வண்டி நகரவில்லை. இன்னொரு தடவை ஊதினேன். அண்ணன் அசையாமல் உட்கார்ந்து ஹாரனை மட்டும் அடித்தார்.

"என்னண்ணே, டயம் ஆவுது!"

"இரு."

"ஒருத்தருக்காக இத்தனை பேரை நிக்க வெக்கறதா? உள்ள திட்டறாங்க."

"திட்டட்டும். திட்டறவங்க நாளைக்கும் இதே வண்டியிலதான் வருவாங்க. அந்தப் பொண்ணு இன்னிக்கு காரை எடுத்துச்சுன்னா அப்புறம் வராது."

சொல்லி வாய் மூடவில்லை, டீச்சர் தெருமுனையில் ஓடி வந்தார். கையில் கார் சாவி இருந்தது. ஹாரன் சத்தம் கேட்டுத்தான் காரைக் கிளப்பாமல் ஓடி வந்தேன் என்று மூச்சு வாங்கச் சொன்னார். உள்ளே முணுமுணுத்தவர்களில் ஒருவரே நகர்ந்து இடம் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் இப்படி நின்றுகொண்டிருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் எந்த நாளில் நிற்க வேண்டும் என்பதை எந்த அட்டவணையும் உங்களுக்குச் சொல்லாது. அதை நீங்கள்தான் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அதன் பிறகு அவர் எங்கள் வண்டி ஆளாகிவிட்டார். பூக்காரம்மா கட்டாத பூவை அவர் மடியில் போட்டுவிட்டு, "கட்டு டீச்சரு, சும்மாதான் உக்காந்திருக்கே" என்பார். அரியலூர் வருவதற்குள் ஒரு முழம் தேறும். மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் பஸ்தான். வீட்டிலும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார். ஏ.சி. போடாமல் மாடி ஜன்னல்களைத் திறந்து வைத்துத் தூங்கினார். தேவைக்கு மட்டும் சமைத்தார். இருக்கிற புடவை கிழியும் வரை புதுசு எடுப்பதில்லை என்றார். இவை எதையும் அவர் பெருமையாகச் சொல்லவில்லை. பூக்காரம்மா துருவித் துருவிக் கேட்டதால் வெளியே வந்தவை.

கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெரம்பலூர், பெயர் செந்தில், மருந்துக்கடை வைத்திருந்தார். கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் முகூர்த்தம். கார் வரிசை வேண்டாம், இரண்டு வீட்டு ஜனமும் பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். செந்திலுக்கும் அது பிடித்துப்போனது.

பிடிக்காதவர் ஒருவர் இருந்தார். டீச்சரின் தாய்மாமன் கோவிந்தசாமி. ஒரு நாள் செந்துறை பஸ் நிலையத்தில், நானும் அண்ணனும் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை. சத்தம் கடைக்கு வெளியே வரை கேட்டது.

"ஏம்ப்பா கண்டக்டரு, என் பாப்பாவுக்கு என்ன மருந்துய்யா வெச்சீங்க?"

"என்னங்க சொல்றீங்க?"

"நான் பேசி வெச்ச கார் அத்தனையும் வேணாங்குது. ஊரு முச்சூடும் பஸ்ல வரணுமாம். அப்பன் இல்லாத பொண்ணுய்யா அது. தாய்மாமன் செலவுக்கு அஞ்சி பஸ்ல ஏத்தி வுட்டான்னு நாளைக்கு ஊரு பேசாதா?"

புகை, பூமி, வருங்காலப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட வாயைத் திறந்தேன். அண்ணன் என் முழங்கையை மெல்லத் தட்டிவிட்டு, "உக்காருங்க மாமா. டீ சாப்புட்டுக்கிட்டே பேசுங்க" என்றார்.

மாமா பேசினார். டீ ஆறி ஆடை கட்டியது. அக்கா புருஷன் சின்ன வயதில் போனது, இந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனது, வேலை கிடைத்ததும் முந்திரி விற்ற கையோடு கார் வாங்கிக் கொடுத்தது எல்லாம் வந்தது. கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"ஆசையா வாங்கிக் குடுத்த வண்டி தம்பி. இப்ப வூட்டு வாசல்ல தூசி படிஞ்சு கெடக்குது. அந்தப் பக்கம் போனாலே எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கார் வரிசையைப் பற்றிப் பேசவே இல்லை. தான் கொடுத்ததை மருமகள் ஒதுக்கி வைத்துவிட்டாள் என்பதுதான் அவருடைய வலி. அதற்கு நான் புகைக் கணக்குச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

மறுநாள் வண்டியில் டீச்சரிடம் இதைச் சொன்னேன். பூக்கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அரியலூரில் இறங்கும்போது, "மாமா இதை என்கிட்ட சொல்லவே இல்லீங்க" என்றார். அன்று மாலையே மாமா வீட்டுக்குப் போய், ஜனம் பஸ்ஸில் வரட்டும், தாலியும் சீர்த்தட்டும் அந்த வெள்ளைக் காரில் வரட்டும், மாமாதான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மாமா அரைமனதாகச் சம்மதித்தார். முகம் மட்டும் இறுகியே இருந்தது.

கல்யாண நாளில் வாடகைக்கு எடுத்த அரசு பஸ்ஸுக்கு நானும் அண்ணனும்தான் போனோம். கேட்டு வாங்கிக்கொண்ட டியூட்டி. ஜன்னலுக்கு ஜன்னல் மாவிலை, முன் கண்ணாடியில் வாழைக்கன்று. நாயனக்காரரும் தவில்காரரும் பின் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் வாசித்தார்கள். டீச்சர் அவர் அம்மாவின் கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தார். பூக்காரம்மா விருந்தாளியாக வந்து, டிக்கெட் வாங்காமல் பஸ்ஸில் ஏறுகிற எல்லாரையும் என்னைப் போலவே அதட்டி ஊரைச் சிரிக்க வைத்தார். பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வெள்ளைக் கார், கண்ணாடி ஏற்றியபடி.

அரியலூர் தாண்டி கல்லங்குறிச்சி ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. கல் பூராவும் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் நெருக்கி நின்றன. கிரேன் பெரம்பலூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எங்களுக்குப் பின்னாலும் வரிசை நீண்டுவிட்டதால் திரும்பவும் வழியில்லை.

பஸ்ஸுக்குள் நாயனம் நின்றது. ஆளாளுக்கு போன் பேச ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டு பஸ் முன்பே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. செந்தில் டீச்சரை அழைத்து, லாரிக்கு அந்தப் பக்கம் பைக் அனுப்புகிறேன், நீ மட்டும் சுற்றி வந்து ஏறிக்கொள் என்றார். டீச்சர் சொன்ன பதில் பஸ்ஸுக்கே கேட்டது.

"நான் மட்டும் வந்து என்ன பண்றது? தாலி மாமாகிட்ட இருக்கு. என் ஜனம் பூரா இங்க இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த வேலையில் இது நடக்கும் தம்பிகளே. உங்கள் கையில் எதுவும் இருக்காது, ஆனால் பையை மாட்டியிருப்பதால் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் லாரிக்காரனைத் திட்டலாம், போனை எடுத்து யாரிடமாவது கத்தலாம். நானும் அண்ணனைத்தான் பார்த்தேன்.

"கோயிலு நடக்கற தூரம்தான்" என்றார் அவர்.

"வண்டியை வுட்டுட்டு நான் எப்படிண்ணே போறது?"

"வண்டி எங்கயும் போவாது. அதை நான் பாத்துக்கறேன். ஜனம் எங்கயோ அங்க நீ இரு."

எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். நடக்க முடிந்தவர்கள் இறங்குங்கள், முடியாதவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வண்டியிலேயே இருங்கள், வழி திறந்ததும் அண்ணன் கூட்டி வருவார். தவில்காரர் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். அவ்வளவுதான், பஸ் காலியாகத் தொடங்கியது.

வெள்ளைக் கார் மட்டும் கதவு திறக்கவில்லை.

அதற்குள் சில இளவட்டங்கள் காரைச் சுற்றிக்கொண்டார்கள். "மாமா, உங்க காரு இப்ப பறக்குமா?" என்று ஒருவன் கண்ணாடியைத் தட்டினான். மாமா அந்த இடத்தில் அவமானப்பட்டிருந்தால் நாங்கள் எத்தனை வருஷம் பஸ் ஓட்டினாலும் அவர் ஏறியிருக்க மாட்டார், கல்யாணமும் கசந்துபோயிருக்கும். அவர்களை விரட்டாத குறையாக முன்னால் அனுப்பிவிட்டு டீச்சரைப் பார்த்தேன். நான் சொல்வதற்குள் அவரே வந்து, காரின் முன் கதவைத் திறந்து, தாலித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கதவு திறந்தே இருந்ததால் டீச்சர் சொன்னது என் காதில் விழுந்தது.

"மாமா, நான் காரை வேணாம்னு சொன்னது உங்களை வேணாம்னு சொன்னது இல்ல."

"தெரியும் பாப்பா."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா இத்தனை நாளு மொகம் குடுத்துப் பேசியிருப்பீங்க."

மாமா ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நீங்க இல்லாம இந்தத் தட்டு கோயிலுக்கு வராது. வாங்க."

"முட்டி வலிக்குது ஆயி. அம்புட்டு தூரம் என்னால நடக்க முடியாது. நீ எடுத்துக்கிட்டுப் போ."

"அப்ப நானும் இங்கயே இருக்கேன்."

ரெண்டு பேரும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். பைக்குகள்கூட ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஓரமாக ஒரு பால்காரர் மட்டும் காலி கேன்களைக் கட்டிய சைக்கிளை வயல் வரப்பில் இறக்க முயன்றுகொண்டிருந்தார். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"கேனை உங்க பஸ்ல வெச்சுக்கங்க, சைக்கிளை எடுத்துக்கங்க" என்றவர், "எனக்கும் கல்யாணச் சாப்பாடு உண்டுல்ல?" என்று சிரித்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கார் பக்கத்தில் நிறுத்தினேன். நடக்க முடியாதவருக்கு வாகனம் கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருக்கவே மாட்டார்.

"மாமா, எல்லாரும் நடந்து போறாங்க. ஆனா தாலி எல்லாரோட சமமா வரலாமுங்களா? ஒசரத்துல வரணும். நீங்க ஏறி உக்காந்து தட்டைப் புடிங்க, நான் தள்றேன்."

மாமா என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். மருமகள் முகத்தைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"அதுவுஞ் சரிதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

கேரியரில் தாய்மாமன், மடியில் மஞ்சள் துணி மூடிய தட்டு, ஹேண்டில் பிடித்துத் தள்ளும் காக்கிச் சட்டை நான், பக்கத்தில் அம்மாவின் பட்டைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்த மணப்பெண். முன்னால் நாயனம். வரப்பில் இறங்கி, லாரியைச் சுற்றி, மறுபடி ரோட்டில் ஏறினோம். சரிந்த கல்மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"என்னாலதாங்க உங்களுக்கெல்லாம்..."

"அடி ஒன்னும் படலீல்ல அண்ணே? வண்டியை எடுத்ததும் சாப்புட வாங்க" என்றார் டீச்சர்.

ஜாமில் மாட்டிக்கொண்ட மற்ற வண்டிக்காரர்களும் கோயிலுக்கு வந்தவர்கள்தான். நாயனச் சத்தம் கேட்டதும் அவர்களும் இறங்கி எங்களோடு நடந்தார்கள். பருத்திக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ரோட்டோரம் வந்து குலவை போட்டார்கள். ஒரு அம்மாள் மடியிலிருந்த வெள்ளரிப் பிஞ்சைத் தாலித் தட்டிலேயே வைத்து, "நல்லா இரு தாயி" என்றார். மாமா அதை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது இறுகியிருந்த முகம் எங்கே போனதென்று தெரியவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கேரியரிலிருந்து கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்.

ரோடு சற்றுச் சரிந்த இடத்தில் எதிரே செந்திலும் அவர் வீட்டு ஜனமும் நடந்தே எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. சரிவில் சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. மாமா தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தினார்:

"மாப்ள, ஒதுங்கிக்கங்க! கண்டக்டருக்கு பிரேக்கு இல்ல!"

மாப்பிள்ளை ஒதுங்கவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு வீட்டு ஜனமும் சிரித்த சிரிப்பில் தவில்காரர் அடி தவறினார்.

முகூர்த்த நேரம் முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே தாலி ஏறியது. மாமா தட்டைக் கையில் கொடுக்கும்போது வெள்ளரிப் பிஞ்சும் சேர்ந்து வந்து, ஐயர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் வைத்தார்.

பந்தியில் வாழையிலை, குடத்துத் தண்ணீர், எவர்சில்வர் டம்ளர். லாரி ஓட்டுநரும் பால்காரரும் பக்கத்துப் பக்கத்து இலையில். அண்ணன் மிச்ச ஜனத்தோடு பஸ்ஸைக் கொண்டுவந்து சேர்த்தபோது ரசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மாமா பந்திக்குப் பந்தி நின்று சொல்லிக்கொண்டிருந்தார்:

"தாலி தரையில நடக்கப்படாது, ஒசரத்துல வரணும்னு நான்தான் சைக்கிள் கொண்டாரச் சொன்னேன். காரு என்னங்க காரு, எவன் வூட்டுலதான் இல்ல? சைக்கிள்ல தாலி வந்த கல்யாணம் எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

என்னைக் கடக்கும்போது, "என்னா கண்டக்டரு?" என்றார்.

"ஆமாங்க மாமா. நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.

இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். யோசனை யாருடையது என்று சண்டை போடாதீர்கள். ஒருவர் மாறும்போது, மாறியது தன் விருப்பத்தால்தான் என்று அவர் நினைத்துக்கொள்ள இடம் விட வேண்டும். வாசலில் நின்றுகொண்டு படிக்கட்டை அடைக்கிறவன் எவ்வளவு நல்ல நடத்துநராக இருந்தாலும் யாரும் உள்ளே வர முடியாது.

சாயங்காலம் டீச்சர் செந்திலோடு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினார். இரண்டு பக்கமும் அழுதுவிட்டுச் சிரித்தார்கள். எங்கள் வண்டி கிளம்பும்போது மாமா கார் சாவியைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டுப் படியேறினார். முன் சீட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து காசை எடுத்தார்.

"டிக்கெட் போடு."

"வாடகை வண்டிங்க மாமா. இதுக்கு டிக்கெட் கிடையாது."

"ஓசியில போறதா? அப்ப நாளைக்கு வரேன்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை டீச்சர் நிற்கும் ஸ்டாப்பில் சலவை வேட்டியோடு மாமா நின்றார். அண்ணன் ஹாரன் அடிக்கத் தேவையே இல்லை.

"அரியலூர்ல என்ன வேலைங்க மாமா?"

"ஒரு வேலையும் இல்ல. பாப்பா எங்க உக்காரும்?"

ஜன்னலோரம் காட்டினேன். உட்கார்ந்தார். பூக்காரம்மா திரும்பிப் பார்த்து, "டீச்சரு மாமாவா? பொண்ணு போனு பண்ணுச்சா? அங்க புடிச்சிருக்காமா?" என்றதுதான் தாமதம், அக்கம்பக்கத்து சீட்டிலிருந்தெல்லாம் விசாரிப்பு. தன் மருமகளை இத்தனை பேருக்குத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி, சைக்கிள் கதையை முதலிலிருந்து சொல்லி, அரியலூர் வருவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மடியில் யாரோ பூவைப் போட்டிருந்தார்கள். அவருக்குக் கட்டத் தெரியவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அரியலூரில் எல்லாரும் இறங்கினார்கள். மாமா அசையவில்லை.

"ஊரு வந்துருச்சு மாமா."

"தெரியுது. திரும்பற ட்ரிப்புக்கும் ஒன்னு போடு."